பதினாலாம் பெட்டி

சாமுண்டீஸ்வரிக்கு நாற்பத்தாறு வயது ஆகும்வரை சிநேகிதி என்று சொல்லிக்கொள்ள ஒருத்தி கிடையாது. சொந்தக்காரர்கள் இருந்தார்கள். கோயில் கமிட்டியில் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்கள் இருந்தார்கள். திருநீர்மலைப் படி ஏறும்போது கையைப் பிடித்துக்கொள்ள வேலைக்காரி இருந்தாள். மனசில் பட்டதைச் சொல்ல மட்டும் ஆள் இல்லை. அது ஒரு குறை என்றுகூட அவளுக்குத் தெரியாது. இருபது வயதில் செம்பாக்கத்துக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அப்படித்தான் இருந்தது.

வந்து சேர்ந்த குடும்பம் பெரிய குடும்பம். சித்தேரிக் கரையில் தொடங்கி வேளச்சேரி ரோடு வரை ஒரு காலத்தில் அவர்கள் நிலம். நெல் போய் மனை வந்தது, மனை போய்த் தெரு வந்தது, இரண்டு தெருவுக்கு மாமனாரின் பெயரும் வந்தது. மிச்சமிருந்த இடத்தில் கணவர் சம்பத் கல்யாண மண்டபம் கட்டினார். சாமுண்டீஸ்வரி பி.ஏ. வரலாறு, முதல் வகுப்பு. மேலே படிக்கட்டுமா என்று கேட்டபோது மாமனார், பந்தி மேற்பார்வை பார்க்க எதுக்கும்மா எம்.ஏ. என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு மகள் ஓவியா பிறந்து, படித்து, கல்யாணமாகிக் கனடாவுக்குப் போனாள். வீடு காலியானது. கொரோனாவும் வந்து போனது.

2021-ஆம் வருடக் கடைசியில், வீட்டு வாசலில் இலவசமாகப் போட்டுவிட்டுப் போகும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு சின்ன விளம்பரம் பார்த்தாள். சேலையூரில் ‘ஏரிக்கரை ஆவணக் காப்பகம்’ என்ற சிறிய அருங்காட்சியகத்துக்குச் சனிக்கிழமைகளில் வேலை செய்யத் தன்னார்வலர்கள் தேவை. சம்பளம் இல்லை. சம்பத்திடம் சொன்னாள். கார் டிரைவரைக் கூட்டிப் போ என்று மட்டும் சொன்னார்.

காப்பகம் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. நடத்தியவர் ராஜாராமன், ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர். தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பழைய பத்திரங்கள், படங்கள், மரக்கால், படி, கோயில் கணக்குச் சுவடி என்று இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருந்தார். முதல் சனிக்கிழமை வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சாமுண்டீஸ்வரி. இன்னொருத்தி ஜென்சி, இருபத்தாறு வயது, சித்தேரிக் கரைக் காலனிப் பெண். அப்பா சவுரிமுத்து ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. ஜென்சியும் வரலாறு படித்தவள்தான். வாரநாட்களில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே வைத்தீஸ்வரன் என்ற பத்திர எழுத்தரின் கடையில் டைப் அடித்தாள். முந்நூறு மணி நேரம் காப்பகத்தில் பயிற்சி முடித்தால் ராஜாராமன் சான்றிதழ் தருவார். அது இருந்தால் ஏதாவது ஒரு மியூசியத்தில் உதவியாளர் வேலைக்கு மனுப் போடலாம். அந்த ஒரு காகிதத்துக்காக அவள் வந்திருந்தாள்.

ராஜாராமன் அன்றைக்கே விதிகளைச் சொன்னார். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஆவணத்தைத் தொட வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். உள் அறைக்குள் போன் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பதிவேட்டில் எண் போடுவது. “நம்பர் விழாத வரைக்கும் அது குப்பை. நம்பர் விழுந்துட்டா அப்புறம் நானே நெனச்சாலும் வெளிய எடுக்க முடியாது” என்றார். சாமுண்டீஸ்வரியை மேடம் என்றும் ஜென்சியை ஏம்மா என்றும் கூப்பிட்டார். அதை இருவரும் கவனித்தார்கள், இருவரும் பேசவில்லை.

வேலை சாமுண்டீஸ்வரிக்குப் பிடித்துப்போனது. ஒட்டிக்கொண்ட தாள்களை ஈரம் படாமல் பிரிப்பது, ராமபாணப் பூச்சி அரித்த ஓரத்தை மெல்லிய பிரஷ்ஷால் துடைப்பது, அமிலமில்லாத தாளில் மடித்து உறைக்குள் வைப்பது. அவள் கை அதற்கென்றே படைத்ததுபோல் இருந்தது. பழைய கையெழுத்தைப் படிப்பதில் ஜென்சிதான் கெட்டி. கொக்கி கொக்கியாக ஓடும் எழுத்தை அவள் பேப்பர் படிப்பதுபோல் படிப்பாள். ஒருத்தி பிரிக்க, ஒருத்தி படிக்க, நான்கு மாதத்தில் ஒன்பது பெட்டிகளை முடித்தார்கள்.

மத்தியானம் பின்பக்கத்து மாமரத்தடியில் சாப்பாடு. ஜென்சி கொண்டுவரும் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு சாமுண்டீஸ்வரிக்கு உயிர். தன் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு அதையே வழித்துச் சாப்பிடுவாள். சாப்பிட்டுக்கொண்டே மாமனாரின் சிரிப்பைச் சொன்னாள். பிரசவத்தில் இரண்டாவது குழந்தை போனதைச் சொன்னாள். இருபத்தாறு வருடமாக யாருக்கும் சொல்லாததெல்லாம் அந்த மரத்தடியில் வந்தது. ஜென்சி கேட்டுக்கொள்வாள். இடையில் தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். சனிக்கிழமை வராதா என்று சாமுண்டீஸ்வரி புதன்கிழமையிலிருந்தே காத்திருக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் ஜென்சி ஒரு ஃபைலைக் கொடுக்க வீட்டுக்கு வந்தாள். சாமுண்டீஸ்வரி அவளைப் போர்ட்டிகோவிலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். காப்பி வந்தது, பேப்பர் கப்பில். ஏதோ விசேஷத்துக்கு வாங்கியது மிச்சம் இருந்தது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஜென்சி குடித்துவிட்டு, கப்பைப் போட இடம் தேடி, தெருக்குப்பைத் தொட்டிவரை போய்ப் போட்டுவிட்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமை தொக்கு வழக்கம்போல வந்தது.

2022 மழைக்காலத்துக்கு முன்னால், மண்டபத்தை ஒரு பில்டருக்கு விற்கச் சம்பத் பேசி முடித்தார். மாடி அறையைக் காலி செய்தபோது மாமனாரின் தகரப் பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே கட்டுக்கட்டாகக் காகிதம். சாமுண்டீஸ்வரிக்கு ஒரே பெருமை. அதைக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம் என்றாள். செல்லரித்த குப்பைதானே, கொடுத்துக்கோ என்றார் சம்பத். கொடுத்த அன்றைக்கு ராஜாராமன் பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து, அந்த இலவசப் பேப்பரில் போடவைத்தார். பெட்டிக்குப் பதினாலு என்று சீட்டு ஒட்டப்பட்டது. உள்ளே இருந்த காகிதங்களுக்கு இனிமேல்தான் ஒவ்வொன்றாக எண் போடவேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை. நடுக்கட்டில் இருந்த ஒரு தாளைச் சாமுண்டீஸ்வரி பிரித்து வைத்தாள். ஜென்சி குனிந்து படித்தாள். படித்தவள் நிமிரவில்லை.

“அக்கா, இது எங்க ஆளு” என்றாள்.

1921-ஆம் வருடத்துப் பட்டா அது. தாசில்தார் முத்திரை பதிந்திருந்தது. சித்தேரிச் சேரி குப்பன் மகன் சவரிக்கு அரசு கொடுத்த நிலம். இன்ன சர்வே எண், இவ்வளவு பரப்பு. இந்த நிலத்தைத் தன் இனத்தார் அல்லாத எவருக்கும் விற்கவோ மாற்றவோ கூடாது என்று கீழே நிபந்தனை. தாளைத் திருப்பினால் வேறொரு மையில் ஆறு வார்த்தை: ‘கேழ்வரகு மூட்டை இரண்டு. பட்டா நம் வசம்.’ பக்கத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. அந்த ஆறு வார்த்தையின் கையெழுத்து சாமுண்டீஸ்வரிக்குத் தெரியும். மாமனாரின் அப்பா எழுதியது. பூஜை அறையில் அவர் எழுதிய கந்தர் துதி கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

ஜென்சி விரல் விட்டு எண்ணினாள். அப்பா சவுரிமுத்து. அவருக்கு அப்பா தாசன். தாசனுக்கு அப்பா சவரி. அந்தப் பெயரைத்தான் அப்பாவுக்கு வைத்தார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் வீட்டில் ரேஷன் கார்டைவிடப் பழைய காகிதம் ஒன்றுகூட இல்லை. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆவணத்தில் விழாமல் இருக்கத் தள்ளி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் சர்வே எண்ணைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் வைத்தீஸ்வரன் கடையில், மண்டப விற்பனை ஒப்பந்தத்தில், அதே எண்ணை அவளே டைப் அடித்திருந்தாள். “இது உங்க மண்டபம் இருக்கற இடம்தானேக்கா” என்றாள். குற்றம் சொல்லும் குரல் அல்ல. இருவருக்கும் ஒரே தெரு என்று கண்டுபிடித்தவள்போலச் சொன்னாள். அப்பாவுக்குக் காட்டவேண்டும் என்று பையிலிருந்து போனை எடுத்து, விதியை மீறி, ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

சாமுண்டீஸ்வரி சொன்னது ஒன்றுதான். இன்றைக்கு எண் போட வேண்டாம், முதலில் சாரிடம் பேசிக்கொள்கிறேன். ஜென்சி சரி என்றாள். அக்கா சொன்னால் அவளுக்குச் சரிதான்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் சம்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் சொன்னாள் என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் இருபத்தாறு வருடப் பழக்கம், நிலம் என்றால் அவரிடம் சொல்லவேண்டும். அந்தப் பட்டா வெளியே வந்தால் மண்டபத்தை எந்தப் பில்டரும் தொடமாட்டான், நூறு வருடம் கழித்தும் அந்த இரண்டு மூட்டைக் கேழ்வரகுக் கைமாற்றம் செல்லாது என்று யாராவது கோர்ட்டுக்குப் போகலாம். இதையெல்லாம் சம்பத் அவளுக்கு விளக்கவில்லை. சாம்பாரை ஊற்றிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

“நம்பர் போட்டாச்சா?”

“இல்ல.”

“அப்ப அது இன்னும் வெறும் காகிதம்தான். உன் இஷ்டம்” என்று கையைக் கழுவப் போய்விட்டார்.

அவர் மிரட்டவில்லை. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. இந்தக் கதையில் அதைச் சொல்லியாக வேண்டும்.

காப்பகத்தின் சாவி ஒன்று சாமுண்டீஸ்வரியிடம் இருந்தது. அத்தனை நம்பிக்கை ராஜாராமனுக்கு. திங்கட்கிழமை காலை போய்த் திறந்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, பதினாலாம் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். வழக்கம்போல உறைக்குள் மடியாமல் வைத்து எடுத்து வந்தாள். வேலைக்காரியைக் கடைக்கு அனுப்பிவிட்டு ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டாள். பழைய காகிதம் துணிநாரில் செய்தது, லேசில் கரையாது என்று காப்பகத்தில் கற்றிருந்தாள். இருந்தும் கரையும் என்று ஏனோ நினைத்தாள். இரண்டு மணி நேரம் ஊறியும் தாள் தாளாகவே இருந்தது. மைகூடக் கலங்கவில்லை. ரேகையின் சுழி அப்போதுதான் வைத்ததுபோல் தெளிவாகத் தெரிந்தது. கத்தரிக்கோலால் நாடா நாடாக வெட்டி, மிக்ஸியில் போட்டு, தண்ணீர் விட்டு அரைத்தாள். மூன்று முறை அரைக்க வேண்டியிருந்தது. மோட்டார் சூடேறி வாடை வந்தது. சாம்பல் நிறக் கூழைத் துணி துவைக்கும் இடத்துச் சாக்கடையில் ஊற்றி, இரண்டு குடம் தண்ணீர் விட்டாள். ஜாரைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்தாள். மறுநாள் காலை அதே ஜாரில் தேங்காய்ச் சட்னி அரைத்தாள். சம்பத் இரண்டாம் தடவை போடச் சொல்லிச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை ஜென்சி பெட்டியைத் திறந்து தேடினாள். கட்டுக்கட்டாகப் பிரித்து, மறுபடி அடுக்கி, மறுபடி தேடினாள். காணவில்லை என்று ராஜாராமனிடம் போய்ச் சொன்னவளும் அவளேதான். ராஜாராமனுக்கு முகம் வெளுத்துவிட்டது. இருபது வருடத்தில் அவர் காப்பகத்தில் ஒரு தாள் தொலைந்ததில்லை. தினக்குறிப்பைப் பார்த்தார். பெட்டி பதினாலு, கடைசியாகக் கையாண்டவர் ஜென்சி என்று ஜென்சியின் கையெழுத்திலேயே இருந்தது. அவள் பையை மேஜையில் கொட்டச் சொன்னார். சாப்பாட்டு டப்பா, குடை, ஜெபமாலை, சானிட்டரி நாப்கின், பஸ் பாஸ். அலுவலகத்து ஆண் பிள்ளைகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு போனை வாங்கிப் பார்த்தார். படம் இருந்தது.

படம் எடுத்தவள்தான் தாளையும் எடுத்திருக்கிறாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பத்திர ஆபீஸ் பெண், இதை என்ன விலைக்கு விற்கலாம் என்று தெரிந்தவள் என்றார். போலீஸுக்குச் சொல்லப்போவதாகச் சொன்னார். ஜென்சி சாமுண்டீஸ்வரியைப் பார்த்தாள். அக்காவும் கூடப் பார்த்தாங்க சார் என்றாள்.

சாமுண்டீஸ்வரி, பெட்டியைப் பார்த்தேன், அந்தத் தாளைக் கவனிக்கவில்லை என்றாள். குரல் நடுங்கும் என்று பயந்திருந்தாள். நடுங்கவில்லை. பிறகு எழுந்து ஜென்சியின் பக்கத்தில் போய்த் தோளில் கையை வைத்தாள்.

“போலீஸெல்லாம் வேணாம் சார், சின்னப் பொண்ணு. அந்தப் படத்தை டெலீட் பண்ணிடட்டும், இதோட விட்டுடலாம்.” ஜென்சியிடம் திரும்பி, “பண்ணிடும்மா. நான் இருக்கேன்ல” என்றாள்.

ஜென்சி தன் விரலாலேயே அழித்தாள். அழித்த படங்கள் போய்ச் சேரும் இடத்தையும் திறந்து அங்கிருந்தும் அழிக்கச் சொன்னது சாமுண்டீஸ்வரிதான். அந்தப் படம் வேறு எங்கும் இல்லை. அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். அனுப்ப வழியில்லாமல் வீட்டில் திரையைக் காட்டிப் படித்துச் சொல்லியிருந்தாள். சம்பளம் வந்ததும் பிரிண்ட் போட்டு ஃபிரேம் செய்து மாட்டலாம் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள்.

கேட்டுக்கு வெளியே ஜென்சி மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, நீங்க பாத்தீங்கல்ல?”

“பாத்தேன். இப்ப சொன்னா ரெண்டு பேரும் மாட்டுவோம். நேரம் வரும்போது நான் சொல்றேன்.”

ஜென்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயிலுக்குப் போகாமல் காப்பாத்துனீங்கக்கா என்று நன்றி சொன்னாள். சாமுண்டீஸ்வரி அந்த நன்றியை வாங்கிக்கொண்டாள்.

இருநூற்று எண்பது மணி நேரம் முடிந்திருந்தது. சான்றிதழ் கிடைக்கவில்லை. ராஜாராமன் கடமை தவறாதவர். அவள் படித்த கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினார், வைத்தீஸ்வரனுக்கு ஒரு போன் செய்தார். பத்திர எழுத்தர் கடையில் காகிதம் திருடுகிறவளை யார் வைத்துக்கொள்வார்கள்? சம்பத் அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர் வேறு. ஜென்சி சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வண்டிகளுக்கு வயர் கட்டும் வேலைக்குப் போனாள். விடியற்காலை கம்பெனி பஸ். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. கிறிஸ்துமஸுக்கு அக்காவுக்கு ஒரு வாழ்த்து அனுப்புவாள். சாமுண்டீஸ்வரி பதிலுக்கு ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்புவாள்.

மண்டபம் இடிந்து எட்டு மாடி எழுந்தது. சாமுண்டீஸ்வரியைக் காப்பகத்தின் அறங்காவலர்களில் ஒருத்தியாகச் சேர்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டை அவள் இப்போது அலுவலக அறையில் தனியாகச் சாப்பிட்டாள். புதிதாக வந்த பயிற்சிப் பெண்கள் மரியாதையாகப் பேசினார்கள். யாரிடமும் சொல்வதற்கு வாய் வரவில்லை.

2024-இல் சித்தேரிக் கரையை ஆக்கிரமிப்பு என்று சொல்லிக் காலனி முழுவதற்கும் நோட்டீஸ் ஒட்டினார்கள். நாற்பத்திரண்டு வீடு. இருபத்தொரு நாள் கெடு. காலனிக்காரர்கள் ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். அவர் ஒரு வழி சொன்னார். இந்த ஊரில் உங்களுக்கு ஒரு காலத்தில் அரசு நிலம் கொடுத்திருந்தது என்று காட்ட முடிந்தால், பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லி மனுப் போட்டு இடிப்பதை நிறுத்திவைக்கலாம். அசல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதைக் கண்ணால் பார்த்த, ஊரில் மதிப்புள்ள ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதும்.

ராஜாராமன் பார்த்தது போனில் இருந்த படத்தை மட்டும்தான்; தாளைக் கண்ணால் பார்த்தவர் என்று ஜென்சிக்கு உடனே ஒரே பெயர்தான் ஞாபகம் வந்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு செம்பாக்கம் வந்தாள். வழியெல்லாம், அக்கா மாட்டேன்னு சொல்லமாட்டாங்க என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம்.

போர்ட்டிகோவில் நாற்காலி போட்டும் சவுரிமுத்து உட்காரவில்லை. செக்யூரிட்டிச் சட்டையோடு வந்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர்தான் பேசினார். “உங்க மாமனாராண்ட எங்கப்பா வேலை செஞ்சவரும்மா. உங்களுக்கு ஒரு கஸ்டமும் வராது. மண்டபம் பத்தி நாங்க பேசவே மாட்டோம். அந்தப் பட்டாவப் பாத்தேன்னு ஒரு வரி எய்திக் குட்த்தா போதும்னு வக்கீலு சொல்றாரு.”

உள்ளே சம்பத் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

சாமுண்டீஸ்வரி ஜென்சியைப் பார்க்கவில்லை. சவுரிமுத்துவையே பார்த்துக் கேட்டாள்.

“என்ன பட்டா?”

“அக்கா” என்றாள் ஜென்சி.

“ஜென்சி ஏதோ படம் எடுத்தான்னு அன்னிக்கு சார் சொன்னாரு. நான் எதையும் பாக்கலையேங்க. பாக்காததை எப்படி எழுதிக் குடுக்கறது?”

 சவுரிமுத்துவுக்குக் கண்ணில் புரை. அன்றைக்கு மகள் காட்டிய போனில் மங்கலாக ஒரு பழுப்பு நிறம் தெரிந்ததே தவிர எழுத்து எதுவும் தெரியவில்லை. மகள் படித்தாள், அவர் நம்பினார். பிறகு திருட்டுப் பட்டத்தோடு அவள் வேலையை விட்டு வந்தபோதும், என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல என்று காலனி முழுக்கச் சண்டை போட்டார். இப்போது மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

“அப்ப எனக்கு இன்னாத்தடி காட்ன நீ?”

 நாற்பத்திரண்டு வீட்டுக்கும் நம்பிக்கை கொடுத்து, வக்கீலை உட்காரவைத்து, இவ்வளவு தூரம் கூட்டி வந்து நிற்கவைத்தாயே என்று அவர் கேட்டார். கையை ஓங்கினார். அடுத்தவர் வீட்டு வாசல் என்பதால் இறக்கிக்கொண்டு, அம்மா மன்னிச்சுக்கோங்க என்று சாமுண்டீஸ்வரியிடம் சொன்னார். தொப்பியைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். ஜென்சி பத்தடி பின்னால் போனாள். அதற்குப் பிறகு அப்பா அவளோடு பேசவில்லை. ஒரே அறை வீட்டில் எட்டு நாள், சாப்பாட்டுத் தட்டைக்கூட மனைவியைக் கொண்டே கேட்டு வாங்கிக்கொண்டார்.

கெடு முடிந்தது. இயந்திரங்கள் வருவதற்கு முந்தைய நாள் ராஜாராமனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மறைந்துபோகும் குடியிருப்புகள் என்று ஒரு கண்காட்சி வைக்கலாம், காலனியிலிருந்து சில பொருள்களைச் சேகரித்து வையுங்கள், உங்களுக்குத்தான் அவர்களைத் தெரியும் மேடம் என்றார். சாமுண்டீஸ்வரி முடியாது என்று சொல்லியிருக்கலாம். டெம்போ ஒன்றும் பயிற்சிப் பெண்கள் இரண்டு பேரும் நன்கொடைப் படிவங்களுமாகப் போனாள்.

ஜனங்கள் சாமான்களைத் தெருவில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நகரத்துக்கு வெளியே எங்கேயோ ஏழாவது மாடியில் வீடு ஒதுக்கியிருந்தார்கள். அங்கே கதவு உண்டு என்பதால் பழைய கதவுகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மியூசியத்துக்கு என்றதும் சவுரிமுத்துதான் முதலில் வந்தார். அவர் வீட்டுக் கதவு பலாமரம். அவரே இழைத்து, நீல பெயின்ட் அடித்து மாட்டியது. கீலைக் கழற்றிக்கொண்டே கேட்டார், என் பேரு போடுவீங்களாம்மா? போடுவோம் என்றாள் சாமுண்டீஸ்வரி. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. படிவத்தில் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். அன்னிக்கு வாசலாண்ட வந்து பேஜார் பண்ணிட்டோம், மனசுல வெச்சுக்காதீங்க என்றார்.

ஜென்சி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. இரண்டு வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தாள். டெம்போவுக்குப் பின்னால் சாமுண்டீஸ்வரி தனியாக நின்றபோது பக்கத்தில் வந்தாள். சண்டை போட வந்தவள் மாதிரி இல்லை.

“அக்கா, அந்தக் காகிதத்த என்ன பண்ணீங்க?”

இல்லை என்று சொல்லச் சாமுண்டீஸ்வரிக்கு வார்த்தை தயாராக இருந்தது. ஆனால் மாமரத்தடியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அதே முகம். இவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று தோன்றிவிட்டது.

“மிக்ஸியில போட்டு அரைச்சேன்” என்றாள். பிறகு நிறுத்த முடியவில்லை. பக்கெட்டில் ஊறப்போட்டது, கரையாமல் இருந்தது, கைரேகை தெரிந்தது, மூன்று முறை அரைத்தது, எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது. கடைசியில் அழுதாள்.

ஜென்சி முழுவதையும் கேட்டாள். துண்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் சாமுண்டீஸ்வரி. ஜென்சி தலையை ஆட்டினாள். பிறகு சொன்னாள்.

“கேஸ் ஒண்ணும் வேணாங்க்கா. வக்கீல் வேணாம், எழுதிக் குடுக்க வேணாம். எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடுங்க. நான் பொய் சொல்லலன்னு மட்டும்.”

சவுரிமுத்து இருபதடி தள்ளி நின்று கதவில் படிந்த தூசியைத் தன் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். சாமுண்டீஸ்வரி அவரைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்த்துச் சிரித்து, ஒரு கும்பிடு போட்டார். இந்த மனிதர் இனிமேல் இப்படிக் கும்பிடமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

“அது வேணாம் ஜென்சி” என்றாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வயசானவரு. தாங்கமாட்டாரு.”

ஜென்சி மறுபடி கேட்கவில்லை. அதற்குள் சவுரிமுத்து கதவைத் தனியாகத் தூக்கப் பார்த்துத் தடுமாறினார். பலாமரம், நல்ல கனம். ஜென்சி ஓடிப்போய் மறு முனையைப் பிடித்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல், பாத்துத் தூக்கு என்று சொன்னார். எட்டு நாளில் அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். இருவருமாகத் தூக்கி டெம்போவில் ஏற்றினார்கள்.

சேலையூர் திரும்பும் வழியில் சாமுண்டீஸ்வரிக்கு உடம்பு லேசாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. கேம்ப் ரோட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பயிற்சிப் பெண்களுக்கும் தனக்கும் டிபன் வாங்கினாள். காப்பகத்துக்குப் போனதும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள். கதவு ஒன்று, பலாமரம், நீல வண்ணம், உயரம் ஆறடி ஓரங்குலம் என்று பென்சிலால் எழுதினாள். கொடுத்தவர் பெயரைச் சவுரிமுத்து என்று பிழையில்லாமல் எழுதி, எண் போட்டாள்.